எலும்புப் பின் (pin) ஓரம் நீர் கசிவு: வெள்ளிப் பூச்சு உதவுமா?

தம்பி காலில் எலும்பை அசையாம பிடிக்க மாட்டிய வெளிச் சட்டத்தில், தோல் வழியா எலும்புக்குள்ள போற உலோகப் பின் (pin) ஓரமா நீர் கசியுது, வெள்ளிப் பூச்சுப் பின்னா மாத்தச் சொல்லலாமான்னு கேட்டிருந்தீங்க. அதுக்காக மாத்தத் தேவையில்லைங்க. வெள்ளி கிருமியைக் கொல்லும், சரிதான். ஆனா 2000-ல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில் பின்னில் கிருமி ஒட்டுவது குறிப்பிடும்படி குறையல. ரத்தத்தில் வெள்ளி அளவுதான் கூடிச்சு.

ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு வேற ரகம். எலும்பில் இருக்கிற தாது மாதிரியே. கிருமியைக் கொல்லாது; எலும்போட ஒட்டி, பின்னை ஆடாம பிடிச்சுக்கும். ஆடுற பின்லதான் தொற்று சுலபமா ஏறும். (கழட்டும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்!)

கொஞ்சமா, தெளிவா கசிஞ்சா பயப்படாதீங்க, டாக்டர் சொன்னபடி சுத்தம் பண்ணுங்க. சீழ், பரவுற சிவப்பு, கூடுற வலி, காய்ச்சல், பின் ஆட்டம் எது இருந்தாலும் அன்னைக்கே சர்ஜன்கிட்ட காட்டுங்க.