ஜெனரிக் மாத்திரைக்கு மாறியதும் பக்கவிளைவு ஏன்?

பிராண்ட் மாத்திரையிலிருந்து ஜெனரிக்குக்கு (அதே மருந்துப்பொருளில் வேறு கம்பெனி தயாரிக்கும் மாத்திரை) மாறியதும் தலைவலி, வயிற்றுப் பொருமல். மருந்து ஒன்றுதானே என்கிறீர்கள். மருந்துப்பொருள் ஒன்றுதான், ஆனால் சாயம், லாக்டோஸ் (பால் சர்க்கரை), மேல்பூச்சு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவற்றில் ஏதோ ஒன்று சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

ஜெனரிக் மருந்து ரத்தத்தில் சேரும் அளவை அசல் மருந்தோடு ஒப்பிட 80 முதல் 125 சதவீதம் என்ற வரம்பு உண்டு. உடனே ‘20 சதவீதம் மருந்து குறைவா?’ என்று பதறுகிறார்கள். அப்படியில்லை. அது புள்ளியியல் எல்லை; நிஜத்தில் சராசரி வித்தியாசம் பெரும்பாலும் சில சதவீதம்தான். லெவோதைராக்சின் (தைராய்டுக்கு), ஃபெனிடோயின் (வலிப்புக்கு), வார்ஃபரின் (ரத்தம் உறையாமலிருக்க) போன்றவை வேறு ரகம்: சிறு மாற்றமும் உடம்பில் தெரியலாம். மெதுவாகக் கரையும் மாத்திரைகளிலும் கவனம் தேவை. மனச்சோர்வுக்கான ஜெனரிக் மாத்திரையான புடெப்ரியான் எக்ஸ்எல் 300 மில்லிகிராம் அசல் மருந்துக்கு ஈடாகாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இல் அறிவித்தது. அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

அப்புறம், ‘விலை குறைந்தது, தரமும் குறைவு’ என்ற சந்தேகமே நிஜமான தலைவலியைத் தரும். இதற்கு நோசிபோ என்று பெயர். கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பழைய, புதிய அட்டை இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு மருந்தென்றால் மாறி ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் (தைராய்டு அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்யுங்கள். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.