செல், ஒளிச்சேர்க்கை, செல் சுவாசம்: மாணவர்களுக்குப் புரியும்படி எப்படி நடத்துவது?

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இந்தப் பாடங்களை நடத்தப்போவதாகவும், பிள்ளைகள் சமன்பாட்டை ஒப்பிக்கிறார்களே தவிர அதன் பொருள் அவர்களுக்குப் பிடிபடவில்லை என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். டெல்டா பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாக அறிவியல் நடத்துகிறேன். இந்தக் கவலை எனக்கும் பழக்கமானதுதான்.

ஒரு காலாண்டுத் தேர்வில் ஒளிச்சேர்க்கைக்கு முழு மதிப்பெண் வாங்கிய மாணவியிடம், ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தைக் காட்டி, "விதை நிலக்கடலைப் பருப்பளவுதான். இவ்வளவு மரமும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். தயங்காமல் "மண்ணிலிருந்து, டீச்சர்" என்றாள். வகுப்பு முழுவதும் தலையாட்டியது. கரியமில வாயு, நீர், குளுக்கோஸ், ஆக்சிஜன் என்று நான்கையும் வரிசை மாறாமல் எழுதிய கைகள்தான் அத்தனையும். மரம் காற்றிலிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டு முதல் பாடத்தைத் தொடங்கும் இடத்தை மாற்றிவிட்டேன்.

இப்போது நான் தொடங்குவது சவுக்கு விறகிலிருந்து. வீட்டில் விறகடுப்பு உள்ள பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கட்டு விறகை எரித்தால் எவ்வளவு சாம்பல் கிடைக்கும் என்று கேட்பேன். "இரண்டு பிடி வரும்" என்பார்கள். மண்ணிலிருந்து மரம் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ அந்த இரண்டு பிடிதான். மீதி எங்கே போனது? புகையாகவும், கண்ணுக்குத் தெரியாத வாயுவாகவும் காற்றில் கலந்தது. அப்படியானால் அது எங்கிருந்து வந்திருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நான் வாயைத் திறப்பதில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு ஏதோ ஒரு மூலையிலிருந்து சந்தேகத்தோடு ஒரு குரல் வரும்: "காற்றிலிருந்தா?"

அதற்குப் பிறகுதான் 17ஆம் நூற்றாண்டு அறிஞர் வான் ஹெல்மாண்ட் வருகிறார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648இல் இது நூலாக வெளிவந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் எங்கே தவறினார் என்று பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஓர் அறிஞரின் பிழையைத் தாங்களே கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

சமன்பாட்டை அதன் பிறகு எழுதுங்கள்; எழுதியதும் எடை போடுங்கள். 180 கிராம் குளுக்கோஸில் கார்பன் 72, ஆக்சிஜன் 96, ஹைட்ரஜன் 12. இலை வெளியே விடும் ஆக்சிஜன் முழுவதும் நீர் பிளந்து வருவது. குளுக்கோஸுக்குள் தங்கும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவது. ஆகவே 180இல் 168 கிராம் காற்றின் பங்கு, நீரின் பங்கு 12 கிராம்தான். காற்றில் கரியமில வாயு இருப்பதோ 0.04 விழுக்காடு. அவ்வளவு சொற்பமானதைச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஒரு புல் வைக்கோலாகிறது, நம் ஊர் வைக்கோல்போர்கள் எழும்புகின்றன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைச் சொல்லும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் விவசாயக் குடும்பம். "அப்படியானால் அப்பா ஏன் யூரியா போடுகிறார்?" என்று ஒரு பையன் கேட்டான். அந்த ஆண்டின் மிகச் சிறந்த கேள்வி அது. உரத்தைப் 'பயிருக்குச் சாப்பாடு' என்று நாம் பேசிப் பேசியே குழப்பத்தை விதைத்திருக்கிறோம். யூரியா தருவது நைட்ரஜன். ஒவ்வொரு பச்சைய மூலக்கூற்றின் நடுவிலும் ஒரு மக்னீசியம் அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். நைட்ரஜன் குறைந்தால் பச்சையமும் புரதமும் குறையும், இலை வெளுக்கும். யூரியா சோறு அல்ல. சோறு சமைக்கும் அடுப்பைக் கட்டுவதற்கான செங்கல். இந்த உவமையை அந்தப் பையன் வீட்டில் போய் அப்பாவிடம் சொல்லியிருக்கிறான்.

இனி சுவாசம், அதாவது செல் குளுக்கோஸை ஆக்சிஜனோடு சேர்த்து உடைத்துச் சக்தி பெறுவது. இங்கே பாடநூலின் வரிசை நமக்கு ஒரு தொல்லை தருகிறது. சுவாசத்தின் சமன்பாடு ஒளிச்சேர்க்கையைத் தலைகீழாக எழுதியதுபோல் இருப்பதால், 'செடி ஒளிச்சேர்க்கை செய்யும், விலங்கு சுவாசிக்கும்' என்று பிள்ளைகள் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் தேறியவர்கள் 'செடி பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம்' என்பார்கள். இரண்டும் தவறு. செடியின் ஒவ்வோர் உயிருள்ள செல்லும் இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் இலை விடும் கரியமில வாயுவை அந்த இலையே எடுத்துக்கொள்கிறது, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

இதைச் சொல்லிப் பயனில்லை, காட்ட வேண்டும். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு இரண்டு ஸ்பூனை ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி, மூடி, இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்திருப்பதை மட்டும் இறுத்து எடுத்தால் அதுதான் சுண்ணாம்பு நீர். முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு ஜாடியில். வேகவைத்து ஆறிய பயறு இன்னொரு ஜாடியில். இரண்டிலும் பயறின் மேல் சுண்ணாம்பு நீர் ஊற்றிய சிறு மூடியை வைத்து, ஜாடிகளை இறுக மூடிவிடுங்கள். மறுநாள் முதல் ஜாடியில் சுண்ணாம்பு நீரின்மேல் பால் ஆடையைப் போல் வெள்ளைப் படலம் படர்ந்திருக்கும், ஊசியால் தொட்டால் தகடாக உடையும். வெந்த பயறு ஜாடியில் அந்த அளவுக்கு இராது. பிறகு ஒரு மாணவரை ஸ்ட்ரா வழியாகச் சுண்ணாம்பு நீரில் ஊதச் சொல்லுங்கள். உறிஞ்சக் கூடாது, கண்ணில் தெறிக்கக் கூடாது. பயறு விட்டதும் அவர் விட்டதும் ஒன்றே என்று அப்போது புரியும்.

"சாப்பிட்ட சோறு எங்கே போகிறது?" என்ற கேள்வியையும் விடாதீர்கள். கழிவாகப் போகிறது என்பார்கள், சக்தியாக மாறிவிடுகிறது என்பார்கள். அணுக்கள் சக்தியாக மாறுவதில்லை. உடலில் 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சிலும், மீதி 1.6 கிலோ நீராகவும் வெளியேறுகிறது என்று 2014இல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். வைக்கோல்போர் எழும்பிய வழியிலேயே சோறு திரும்பிப் போகிறது. இந்த இடத்தில் இரண்டு பாடங்களும் ஒன்றாகிவிடும்.

எங்கள் பகுதியில் எனக்கு மிகவும் கைகொடுப்பது வயல். உளுந்துப் பயிரில் தண்ணீர் தேங்கினால் அழுகும், நெல் மட்டும் மாதக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறது. ஏன்? வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும், சேற்றுக்குள் அது இல்லை. நெல்லின் தண்டிலும் வேரிலும் ஏரன்கைமா என்னும் காற்றறைத் திசு இருக்கிறது. மேலிருந்து காற்று அதன் வழியாகக் கீழே இறங்குகிறது. நெல் வேரைப் பிளேடால் குறுக்கே மெல்லியதாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே இருப்பதுபோல் ஓட்டைகள் தெரியும். தினம் மிதித்து நடந்த வயலுக்குள் இப்படியொன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

புளியமரப் பேச்சு கட்டாயம் வரும். இரவில் அதன் அடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பது பாட்டி சொன்னது. மரம் விடும் கரியமில வாயுவால் மூச்சு முட்டும் என்பது நாம் சொல்லும் 'அறிவியல் விளக்கம்'. இரண்டாவதையும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இருட்டில் இலைகள் காற்றைக் கெடுக்கின்றன என்று டச்சு அறிஞர் இஞ்சன்ஹவுஸ் 1779லேயே எழுதியது உண்மைதான். ஆனால் அவர் மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் பார்த்தது அது. திறந்த வெளியில் மரம் விடுவது உடனே காற்றோடு கலந்துவிடும். ஒரே அறையில் ஆறு பேர் படுத்து எழுகிறோம், மூச்சு முட்டவில்லை. அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் அப்படித்தான். ஒளி இல்லையென்றால் நீர் பிளக்காது. நீர் பிளக்காவிட்டால் ஆக்சிஜன் இல்லை.

சுவாசத்தின் படிகளான கிளைக்காலிசிஸ், கிரப்ஸ் சுழற்சி, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி ஆகியவற்றுக்குப் பத்தாம் வகுப்பில் நான் அதிக நேரம் தருவதில்லை. முதலாவது சைட்டோபிளாசத்தில், மற்ற இரண்டும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில், செல் சக்தியைச் செலவழிக்கும் வடிவமான ஏ.டி.பி பெரும்பகுதி கடைசியில் கிடைக்கிறது என்பது போதும். ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி என்று பாடநூல்கள் சொல்கின்றன. இன்றைய மதிப்பீடு 30, 32 அளவில் இருக்கிறது. அந்த எண்ணுக்காகப் பிள்ளைகளை வாட்ட வேண்டாம்.

செல்லைக் கடைசியாகக் காட்டுகிறேன், அதுவும் இரண்டை அடுத்தடுத்து. முதலில் குளத்து வேலம்பாசி, அதாவது ஹைட்ரில்லா. அதன் இலை பெரும்பாலும் இரண்டு செல் அடுக்கு கனம்தான். வெட்ட வேண்டியதில்லை, அப்படியே ஸ்லைடில் வைக்கலாம். ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகங்கள் பச்சை மணிகளாகச் செல்சுவரை ஒட்டி ஊர்ந்து சுற்றிவருவது தெரியும். சற்று வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இன்னும் நன்றாக ஓடும். அடுத்து வெங்காயத் தோல், சாஃப்ரனின் சாயத்தோடு. கட்டம் கட்டமாகச் செல்கள், ஒவ்வொன்றிலும் உட்கரு. பச்சை மட்டும் இல்லை.

சென்ற ஆண்டு இந்த இரண்டாவது ஸ்லைடைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி நிமிர்ந்தாள். "இதுவும் செடிதானே டீச்சர், பசுங்கணிகம் எங்கே?" நான் பதில் சொல்வதற்கு முன்பே பின்னால் நின்ற பையன் சொன்னான்: "வெங்காயம் மண்ணுக்குள்ளே கிடக்கிறது. மேலே தாள் இருக்கிறதே, அது செய்து அனுப்பியிருக்கும்."

"அனுப்பியதை வைத்து இந்தச் செல் என்ன செய்யும்?" என்றேன்.

"மூச்சு விடும்," என்றாள் அவள், மீண்டும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தபடி. மைட்டோகாண்ட்ரியாவைத் தேடினாள். பள்ளி மைக்ரோஸ்கோப்பில் அது தெரியாது என்று சொல்லியும் நகரவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.