மொட்டை மாடியில் பசுமைக்குடிலும் சாமான் அறையும் சேர்த்துக் கட்டலாமா?

தாராளமாகக் கட்டலாம். ஆனால் சென்னை, மதுரை வெயிலுக்கு பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினால் உள்ளே செடி வெந்துவிடும். வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலையே போதும். சாமான் அறையை மேற்குப் பக்கம் வையுங்கள். சாயங்கால வெயிலை அதன் சுவரே மறைத்துவிடும், நாற்றுத் தட்டுகளை அதன் ஓரமாகவே அடுக்கலாம். இரண்டுக்கும் நடுவே கதவு கட்டாயம். செடிப் பக்கத்து ஈரக்காற்று பட்டால் யூரியா கசிந்து கட்டியாகிவிடும், மண்வெட்டி துருப்பிடிக்கும்.

வலையைத் தாங்கும் ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நிறுத்தத் தளத்தில் துளை போடச் சொல்வார்கள், விடாதீர்கள். அப்புறம் மழைக்கு மழை கீழ்வீட்டில் ஒழுகும். கைப்பிடிச் சுவர் உறுதியாக இருந்தால் அதோடு கிளாம்ப் போட்டு இறுக்கலாம். வலையை மட்டும் கயிற்றில் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் சட்டென்று அவிழ்த்துவிடலாம்.