நகர ரயில் நிலையங்களின் பட்டியலை அகரவரிசையில் போடுவதா, வழித்தட வரிசையில் போடுவதா?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிகிறது, யாரோ இந்த வேலையை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒரு எக்செல் கோப்பு, நூற்றுக்கணக்கில் பெயர்கள், “சும்மா வரிசைப்படுத்துறதுதானே, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுங்க” என்று ஒரு மேலாளர். எனக்கும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

எந்த வரிசை என்பது இரண்டாவது கேள்விதான். பார்ப்பவர் வசதிக்கு அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அடையாள எண் கொடுங்கள், அர்த்தமே இல்லாத எண்ணாக. பெயர் இருக்கும்போது எண் எதற்கு என்பீர்கள். லண்டன் சுரங்க ரயிலில் எட்ஜ்வேர் ரோடு என்ற பெயரில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வெளியே வந்து தெருவில் நடக்க வேண்டும். நியூயார்க் சப்வேயில் 23வது தெரு என்றே ஐந்து நிலையங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழித்தடத்தில்.

நான் ஒரு பயண வழிகாட்டிச் செயலிக்கு இந்த வேலையைச் செய்தேன். எந்த நகரம், எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். பெயரையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார் எங்கள் மூத்தவர். வேண்டாம் சார், ஒரே பெயரில் இரண்டு வந்தால் மாட்டிக்கொள்வோம் என்றேன். “ஒரே பேர்ல ரெண்டு ஸ்டேஷன் எவன் வைப்பான்?” என்று சிரித்தார். அந்த நகரத்திலேயே வைத்திருந்தார்கள். கோப்பை ஏற்றியதும் இரண்டாவது நிலையத்தின் நடைமேடைகள் எல்லாம் முதலாவதற்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டன. இறங்கி இரண்டு நிமிடத்தில் அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள் என்று செயலி சொல்கிறது, உண்மையில் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போயாக வேண்டும். கோப்பில் என் பெயர் இருந்ததால் புகார்கள் எனக்கு வந்தன. எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பக் கட்டியதும் நான்தான். கடைசியில் பாராட்டுக் கூட்டத்தில் கைதட்டல் யாருக்கு? வரைபடத்துக்கு நிறம் தேர்ந்தெடுத்தவருக்கு. நல்ல நிறங்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தரவு வேலை செய்கிறவனை எந்தக் கூட்டத்திலாவது எழுந்து நிற்கச் சொல்லி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சரி, விடுங்கள்.

அர்த்தமில்லாத எண் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், டோக்கியோவைப் பாருங்கள். 2004இல் அங்கே சுரங்க ரயில் நிலையங்களுக்கு வழித்தட எழுத்தும் வரிசை எண்ணும் கொடுத்தார்கள். பயணிகளுக்கு அருமையான ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. 2020இல் ஹிபியா தடத்தின் நடுவே தோரானோமோன் ஹில்ஸ் நிலையத்தைத் திறந்து ‘எச்06’ என்ற எண்ணைக் கொடுத்தார்கள். அதுவரை அந்த எண்ணை வைத்திருந்த கசுமிகசெகி ‘எச்07’ ஆனது, கிந்சா ‘எச்08’இலிருந்து ‘எச்09’க்குப் போனது, அப்படியே கடைசி நிலையம் வரை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயின. பலகையை மாற்றி எழுதிவிடலாம். ஆனால் அந்த எண்ணையே நிலையத்தின் அடையாளமாக வைத்துக் கட்டிய தரவுத்தளத்தின் கதி?

ஜி.டி.எஃப்.எஸ். என்ற பொதுப் போக்குவரத்துத் தரவு வடிவத்தில் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள். கணினிக்கு ஓர் அடையாளம், பயணிக்குக் காட்ட வேறொரு குறியீடு. நடைமேடை, நுழைவாயில் எல்லாம் தனித்தனி வரிகளாக இருந்து, ‘தாய் நிலையம்’ என்ற ஒன்றின் கீழ் சேரும். நிறுத்தங்களின் வரிசை எண் ஏறுமுகமாக இருந்தால் போதும், இடைவெளி விடலாம். 10, 20, 30 என்று போட்டுவிட்டால் நடுவில் புதிது வரும்போது 15 காலியாக இருக்கும்.

இந்தத் தாய் நிலையத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளாவிட்டால் மொத்தம் எத்தனை நிலையம் என்ற கேள்விக்கே ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நியூயார்க்கில் 472 என்பார்கள். ஒன்றோடொன்று இணைந்திருப்பவற்றை ஒன்றாக எண்ணினால் 420 சொச்சம்தான். இரண்டும் சரி. எந்தக் கணக்கு என்று பட்டியலின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

“சின்ன வேலைக்கு இவ்வளவு அலப்பறையா” என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார், எழுதட்டும். ஒரே வழித்தடம் என்றால் இதெல்லாம் தேவையே இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம், அகரவரிசை. தேடுகிறவருக்கு அது வேண்டும், ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு வழித்தட வரிசைதான் வேண்டும், அதனால் இரண்டையும் கொடுங்கள். தமிழில் போடுவதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம். யூனிகோடு, அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண், அந்த வரிசையில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ வந்துவிடும், அதனால் கப்பலுக்கு முன்னால் கனகம் நிற்கும். நம் அகராதியில் ‘ன’ கடைசி மெய், கப்பலுக்குப் பிறகுதான் கனகம் வர வேண்டும். புள்ளி வைத்த எழுத்தும் இப்படித்தான் இடம் மாறி விழும். மென்பொருளில் தமிழ் வரிசை விதி இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் வரிசைக்கென்று அட்டவணையில் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்துக் கையால் எண் போட்டுவிடுங்கள்.