ஐந்து நாளில் இடைக்கால ஜெர்மனி: எங்கே தொடங்குவது?

கேள்வி: அக்டோபரில் வேலை விஷயமாக மியூனிக் போகிறேன். கையில் ஐந்து நாள் மிச்சம் இருக்கும். இடைக்கால ஜெர்மனியைப் பார்க்க ஆசை. நாய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையிலிருந்து தொடங்கலாமா?

பதில்: அது அழகான கோட்டைதான். ஆனால் கட்டத் தொடங்கியதே 1869இல். இடைக்காலத்தின் மேல் இருந்த மோகத்தில் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் எழுப்பியது. நீங்கள் தேடும் காலம் அங்கே கிடைக்காது.

நியூரம்பெர்க்கில் அறை எடுங்கள். மியூனிக்கிலிருந்து வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 1945 குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி அழிந்து, திரும்பக் கட்டப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். பேரரசர் கோட்டையின் ஆழ்கிணற்றை விட்டுவிடாதீர்கள். வழிகாட்டி தண்ணீரை ஊற்றிவிட்டு அமைதியாக நிற்பார். சுமார் 50 மீட்டர் கீழே அது விழும் சத்தம் வர சில நொடிகள் ஆகும். முற்றுகைக் காலத்தில் இந்தக் கிணறு எப்பேர்ப்பட்ட சொத்து என்று அப்போது புரியும். ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது வேண்டும். 1380இல் நிறுவப்பட்ட ஒரு மடாலயம் அதற்குள்ளேயே இருக்கிறது. திங்கள் விடுமுறை.

அங்கிருந்து ரோட்டன்பர்க். மதில்மேல் நடப்பதோடு பலரும் திரும்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். புனித யாக்கோபு தேவாலயத்தின் மாடிக்கு ஏறுங்கள். 1500ஐ ஒட்டி டில்மன் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய மரப் பலிபீடம் அங்கே இருக்கிறது. வண்ணம் பூசாத லிண்டன் மரம். இயேசு சீடர்களோடு உண்ட கடைசி இராவுணவுக் காட்சியின் நடுவில் நிற்பது இயேசு அல்ல, அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், பணப்பையோடு. பின்னாலுள்ள சின்னச் சின்னச் சன்னல்கள் வழியாக வெளிச்சம் வரும். அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

ரேகன்ஸ்பர்க் போரில் பெரிதாகச் சேதமடையவில்லை. டான்யூப் மேல் உள்ள கல்பாலம் 12ஆம் நூற்றாண்டுடையது. பாம்பர்க்குக்கு ஒரு பகல் போதும், பேராலயத்தின் குதிரைவீரன் சிலைக்காகவே போகலாம்.

இந்த ஊர்களுக்கெல்லாம் பவேரியா டிக்கெட் (மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண ரயில்களுக்கான ஒரு நாள் டிக்கெட்) எடுத்தால் செலவு குறையும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். வேக ரயிலில் ஏற முடியாது.

அசல் கோட்டைதான் வேண்டும் என்றால் மோசல் பள்ளத்தாக்குப் பக்கம் உள்ள எல்ட்ஸ் கோட்டை. ஒருமுறைகூட இடிக்கப்படாமல், 850 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஆனால் நியூரம்பெர்க்கிலிருந்து தூரம். போவதாக இருந்தால் பாம்பர்க்கை விட்டுவிட்டு, கடைசி இரண்டு நாளை அதற்கே ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அக்டோபரில் திறந்திருக்கும்.