மாமியின்ர அவசரத்துக்கு இங்கிலிஷ் வராது, தங்கச்சி

ஸ்காபரோவுக்கு வந்து நாலு மாசம், 'இன்னும் கதைக்கத் தெரியாதோ' எண்டு மாமி வீட்டார் கேக்கிறதில லிங்க் எண்ட, கனடாவுக்குப் புதுசா வந்தவைக்கான இங்கிலிஷ் வகுப்புக்குப் போகவே மனம் வரேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். நான் வகுப்பைப் பற்றிச் சொல்லுறன்.

வகுப்பை விடாதேங்கோ. லிங்க் இலவசம், ஆனால் நிரந்தர வதிவிடம் உள்ளவைக்கும் அகதியா ஏற்கப்பட்டவைக்கும்தான். சிற்றிசன் எடுத்தால் அந்தத் தகுதி போயிடும். பிறகு பாப்பம் எண்டு இருந்த கனபேர் இதிலதான் மாட்டுப்பட்டவை.

உங்களுக்குச் சோம்பல் இல்லை. வீட்டில 'எப்ப கதைப்பாய்' எண்டுதான் கேக்கினம், எதைக் கதைக்க வேணும் எண்டு சொல்லுறேல்லை. அதால வெட்கம்தான் கூடும். வகுப்பில வாயே திறக்க வராது. வெளியில நேர்மாறு: கடை, லோயர், சுப்பர்வைசர் எல்லாம் தமிழ். அங்க ஒருத்தரும் உங்களிட்ட இங்கிலிஷ் எதிர்பார்க்கிறேல்லை, படிக்கிற ஆசையும் அடங்கிப்போகும்.

அதால நீங்களே ஒரு வேலையைத் தெரிவு செய்யுங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து அப்பொயின்ட்மென்ட் மாத்துறதை எடுங்கோ. பேர், பிறந்த திகதி, ஹெல்த் கார்ட் நம்பர், பழைய நாள், வேண்டிய நாள், அவ்வளவுதான். கார்ட்டில 10 இலக்கம், பிறகு 2 எழுத்து. 4, 3, 3 எண்டு பிரிச்சுச் சொல்லிப் பழகுங்கோ. பேரை எழுத்துக்கூட்டேக்க பீட்டரின்ர 'பி'யும் பொப்பின்ர 'பி'யும் எங்கட வாயில ஒண்டாத்தான் வரும், அதால 'பி ஃபோர் பீட்டர்' எண்டே சொல்லுங்கோ. டீச்சரிட்டச் சொன்னால் வகுப்பிலயே பழக்குவா. லிங்க் இப்பிடியான அன்றாட அலுவல்களை வைச்சுத்தான் நடக்குது. பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க மட்டும் விடாதேங்கோ. பிறகு அம்மாவுக்கு ஏலாது எண்டு பிள்ளையும் முடிவெடுத்திடும்.

மாமி கேட்டால் அளவைச் சொல்லுங்கோ: 18 முதல் 54 வயசுக்காரருக்கு சிற்றிசனுக்குக் கேக்கிறது, பேசவும் கேட்டு விளங்கவும் சிஎல்பி எண்ட கனடாவின்ர மொழி அளவுகோலில 4ஆம் நிலை. வாசிப்பு, எழுத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

லிங்க் 1992இலதான் தொடங்கினது. அதுக்கு முதல் வந்த எங்கட சனம் கனபேர் ரெஸ்டோரன்ட் கிச்சினில நிண்டவை. செஃப் கூப்பிடுற ஓடர் விளங்கினால் காணும், அதைக் கெதியாப் பிடிச்சினம். அந்த ஆக்களிலயே சிலர் இண்டைக்குப் புதுசா வந்த பிள்ளையளின்ர உச்சரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறது எனக்குப் பொறுக்கேலாது. அப்பிடிச் சிரிக்கிற வீடுகளில தமிழிலயே கதையுங்கோ, இங்கிலிஷை வகுப்பிலயும் போனிலயும் பழகுங்கோ.