காவடிக்குப் பக்கத்தில் யார் நடந்தது?

கேள்வி: தைப்பூசத்தன்று 68 வயது அப்பா மொரீஷியஸின் கத்ர் போர்னில் காவடி எடுத்து, கோர் தெ கார்ட் மலைக் கோயிலுக்கு நடந்தார். என் சின்ன கேமராவில் வெளியே எடுத்த படங்களில் முகம் கறுத்துவிட்டது. மண்டபத்துக்குள் இரவு மோடில் எடுத்தவை கலங்கிவிட்டன. டயலைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அப்பா முன்னால் போய்விட்டார், அக்காள் மகன்தான் கூட நடந்தான். எந்த மோடு சரி?

பதில்: மோடு இருக்கட்டும் தம்பி. ‘அப்பா முன்னால் போய்விட்டார்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, அதைச் சொல்லுங்கள். பத்து நாள் விரதம் இருந்த உடம்பு. வெறுங்கால், கொதிக்கிற தார் ரோடு, அப்புறம் மலைப்படி. தோளில் காவடி, இரு பக்கமும் பால் செம்பு. கொஞ்சம் தள்ளாடினால் தாங்கிப் பிடிக்கப் பெற்ற பிள்ளை பக்கத்தில் வேண்டாமா? பேரன் இருந்தான் என்று சமாதானம் சொல்லாதீர்கள். அது உங்கள் இடம். நடுரோட்டில் நின்று டயல் திருகுகிற நேரமா அது?

அடுத்த வருஷம் கேமராவை அந்தப் பையனிடம் கொடுங்கள். முகம் கறுத்ததற்குக் காரணம் பின்னாலிருந்த வானம். வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு, கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். ஆட்டோ மோடில் பல சின்ன கேமராக்கள் இதைத் திருத்த விடாது. டயலை ‘P’ எழுத்தில் வைத்து, பிளஸ் மைனஸ் போட்ட பொத்தானில் +1க்கு ஏற்றச் சொல்லுங்கள். வானம் வெளுத்துப்போகும், போகட்டும், நமக்கு வேண்டியது முகம். இல்லையென்றால் பகலிலும் ஃபிளாஷ் அடிக்கலாம், ஆனால் ஆள் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

இரவு மோடு, வெளிச்சத்தை உள்ளே விடுகிற ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும். கேமராவைத் திண்ணையில் ஊன்றிக் கோபுரத்தை எடுக்க அது சரி. ஆடி வருகிற காவடிக்கு ஆகாது. அதற்கு, ஓடுகிற ஆள் படம் போட்ட ஸ்போர்ட்ஸ் மோடு. மண்டபத்துக்குள் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், பரவாயில்லை. ஜூம் இழுத்தால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறையும். அதனால் கிட்டப் போய் எடுக்கட்டும், கோயில்காரர்களிடம் கேட்டுக்கொண்டு.

இதையெல்லாம் முந்தின நாளே வீட்டு வாசலில் வைத்துப் பையனுக்குக் காட்டிக்கொடுங்கள். காலையில் நீங்கள் துண்டும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு கிளம்புங்கள். பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதும் அவன் வேலை.